மாத நிரலில் நாற்பது படங்கள், கையில் ஆறு மாலைகள்

கலைப் படங்களைத் திரையிடும் ஒரு சுயாதீன அரங்கின் மாத நிரல் வெளியானதும் முதலில் மகிழ்ச்சி, அடுத்த நிமிடமே திண்டாட்டம். ஒரு இயக்குநரின் படவரிசை, புதிதாகச் செப்பனிட்ட பழைய படங்கள், நேரடி இசையோடு ஒரு மௌனப்படம், அந்த வாரம் வெளியாகும் இரண்டு மூன்று புதிய படங்கள், ஒரு குறும்படத் தொகுப்பு, இயக்குநர் வந்து பேசும் ஆவணப்படம், நள்ளிரவுக் காட்சி, நாள் முழுக்க ஓடும் ஒரு நெடும்படம். எல்லாம் சேர்த்தால் நாற்பது தலைப்பைத் தொட்டுவிடும். வேலை, வீடு, அலைச்சல் எல்லாம் போக ஒரு மாதத்தில் ஆறு மாலைகள் மிஞ்சினாலே பெரிது. அந்த ஆறையும் எதற்குக் கொடுப்பது?

பலரும் பேரைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். பத்துப் பட்டியல்களில் படித்த தலைப்பு கண்ணில் பட்டதும் கை தானாக அங்கே போகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேர்பெற்ற படம் எப்படியும் திரும்ப வரும். அடுத்த ஆண்டு வரும், டிவிடி வட்டில் வரும், ஏதாவது ஓடிடியில் வரும். இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு நிரலைப் படியுங்கள். இந்தக் காட்சியை விட்டால் மறுபடி கிடைக்குமா? கிடைத்தாலும், இந்த அரங்கில் உட்காரும்போது கிடைப்பது வீட்டில் கிடைக்குமா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வரும் காட்சிகளுக்கே முதல் உரிமை. சில சமயம் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுக்கும். அந்த இடங்களில்தான் ஒப்பிட்டு யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒருவரையே தொடர்வதா, பலரையும் தொட்டுப் பார்ப்பதா

முதல் முடிவு இதுதான், மற்ற எல்லாம் இதைப் பொறுத்தே அமையும். ஆறு மாலைகளுக்கு ஆறு இயக்குநர்களைப் பார்க்கலாம். அல்லது மூன்று மாலைகளையாவது ஒரே இயக்குநரின் படவரிசைக்கு ஒதுக்கலாம். நான் தயங்காமல் இரண்டாவது பக்கம்தான் நிற்பேன்.

காரணத்தை ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவை வைத்துச் சொல்வது எளிது. 1949இல் 'லேட் ஸ்பிரிங்', 1951இல் 'எர்லி சம்மர்', 1953இல் 'டோக்கியோ ஸ்டோரி'. மூன்றிலும் செட்சுகோ ஹாரா நடிக்கிறார், மூன்றிலும் அவருடைய பாத்திரத்தின் பெயர் நோரிகோ. ஆனால் மூன்று நோரிகோக்களும் வேறு வேறு பெண்கள். முதல் படத்தில் மனைவியை இழந்த அப்பாவைத் தனியே விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ள மனம் வராத மகள். இரண்டாவதில், எல்லோரும் சேர்ந்து பார்த்து வைத்த வரனை ஒதுக்கிவிட்டுத் தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்யும் பெண். மூன்றாவதில், போரில் கணவனை இழந்த மருமகள். சிஷு ரியூ முதல் படத்தில் அவருக்கு அப்பா, அடுத்ததில் அண்ணன், அதற்கடுத்ததில் மாமனார். 'டோக்கியோ ஸ்டோரி' வெளியானபோது ரியூவுக்கு வயது 49தான், எழுபதை ஒட்டிய கிழவராக நடித்திருக்கிறார்.

இந்தத் தகவல்களை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். மூன்று வாரங்களில் மூன்று படங்களையும் திரையில் பார்ப்பவருக்கு நடப்பது வேறு. 'லேட் ஸ்பிரிங்'கில் அப்பாவும் மகளும் 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடகம் பார்க்கப் போகும் காட்சி ஒன்று உண்டு. அப்பா அரங்கின் இன்னொரு பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணிக்குத் தலைவணங்குகிறார். அப்பாவுக்கு மறுமணம் பேசப்படுகிறது என்பது நோரிகோவுக்கு ஏற்கனவே காதில் விழுந்திருக்கிறது. அவள் அந்தப் பெண்மணியைப் பார்க்கிறாள், அப்பாவைப் பார்க்கிறாள், தலை மெல்லக் குனிகிறது. மேடையில் பாட்டு தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது, இவர்களுக்குள் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. படம் முழுக்க நாம் பார்த்துப் பழகிய அந்தச் சிரிப்பு அங்கே அணைந்துபோகிறது. அதன் பிறகு 'டோக்கியோ ஸ்டோரி'யில் அதே முகம் மாமியாரிடமும் மாமனாரிடமும் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கக்கூடும் என்று நமக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது. தனியாக அந்த ஒரு படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த அறிவு இருக்காது. படவரிசை தருவது இதைத்தான்.

இன்னொரு ஜோடியும் அவரிடமே உண்டு. 1934இல் எடுத்த மௌனப்படம் 'எ ஸ்டோரி ஆஃப் ஃப்ளோட்டிங் வீட்ஸ்'. அதே கதையை 1959இல் 'ஃப்ளோட்டிங் வீட்ஸ்' என்று வண்ணத்தில் மறுபடி எடுத்தார். அதற்கு ஒளிப்பதிவு கசுவோ மியாகாவா, அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' படத்துக்குக் கேமரா பிடித்தவர். ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு, அதன் தலைவர், அவரை மாமா என்று நம்பிக்கொண்டிருக்கும் அவருடைய சொந்த மகன். கதை மாறவில்லை, இடையில் 25 ஆண்டுகள் மட்டும் ஓடியிருக்கின்றன. ஒரு மாத நிரலில் இப்படி ஒரு ஜோடியைக் கண்டால் இரண்டையும் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்ப்பதானால் அந்த மாலையை வேறு எதற்காவது கொடுத்துவிடலாம்.

எல்லாப் படவரிசையும் இந்தத் தகுதியுடையதல்ல. ஒரு இயக்குநரின் மிகப் பிரபலமான நான்கு படங்களை மட்டும் அடுக்கி 'சிறப்புப் படவரிசை' என்று பேர் வைத்திருந்தால், அங்கே நிரலாக்கம் செய்தவரின் உழைப்பு குறைவு என்று பொருள். அந்த நான்கும் எங்கும் கிடைக்கும். கேள்விப்படாத தலைப்புகள் அந்தப் பட்டியலில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். யாரும் பேசாத ஆரம்பகாலப் படம், தோல்வியடைந்த படம், தொலைக்காட்சிக்காக எடுத்தது, ஏதோ ஒரு காப்பகத்தில் இருந்து கடன் வாங்கி வந்தது. இவை இருந்தால் அந்தப் படவரிசை யாரோ ஒருவர் மாதக்கணக்கில் கடிதம் எழுதிச் சேர்த்தது என்று அர்த்தம். மூன்று மாலைகளை அதற்குக் கொடுக்கும்போது, உச்சத்தில் இருந்து ஒன்று, தொடக்கத்தில் இருந்து ஒன்று, முற்றிலும் தெரியாத ஒன்று என்று பிரித்துக்கொள்வது நல்லது. தொடக்ககாலப் படத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதிர்ந்த படங்களைப் பார்த்துவிட்டுப் போகும்போதுதான் அதில் எது விதையாக இருந்தது, எதை அவர் பிறகு விட்டுவிட்டார் என்று கண்ணில் படும்.

பிரிண்டா, செப்பனிட்ட டிஜிட்டலா

நிரலில் படத்தின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: '35 மி.மீ.', 'டிசிபி', '4கே செப்பனிடல்', '16 மி.மீ.' பலர் அதைப் படிப்பதே இல்லை. என்னைக் கேட்டால் இயக்குநர் பேருக்கு அடுத்து அங்கேதான் கண் போக வேண்டும்.

35 மி.மீ. என்றால் உண்மையான ஃபிலிம் சுருள் ஓடுகிறது, பிரிண்ட் என்பது அதைத்தான். ஒரு ரீல் அதிகபட்சம் 2,000 அடி, ஏறத்தாழ 20 நிமிடம். இரண்டு மணி நேரப் படத்துக்கு ஆறேழு ரீல்கள். காப்பகங்கள் தங்கள் பிரிண்டை வெட்டி ஒட்டி ஒரே சுருளாக்க அனுமதிப்பதில்லை, அதனால் இரண்டு புரொஜெக்டர்களை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ரீல் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் கண் சிமிட்டும் நேரத்துக்குத் தெரிந்து மறையும். ஆபரேட்டர் அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரைப் போடுவார். ஏழெட்டு வினாடி கழித்து இரண்டாவது வட்டம். அந்தக் கணத்தில் ஒரு இயந்திரத்தின் ஒளியை மூடி இன்னொன்றின் ஒளியைத் திறக்கிறார். நன்றாகச் செய்தால் பார்வையாளருக்கு எதுவுமே நடந்ததாகத் தெரியாது. ஒரு படத்துக்கு ஐந்தாறு முறை ஒரு மனிதர் இதைக் கையால் செய்கிறார். பின்வரிசையில் உட்கார்ந்தால் ஆபரேட்டர் அறையில் இருந்து இயந்திரத்தின் சத்தம் லேசாகக் காதில் விழும்.

டிசிபி என்பது அரங்குகளுக்கு அனுப்பும் டிஜிட்டல் கோப்பு. வன்தட்டில் வரும் அல்லது இணையம் வழியாக வரும், பல சமயம் குறிப்பிட்ட நாள், நேரத்துக்குள் மட்டும் திறக்கும் ஒரு மின்னணுச் சாவியோடு. கீறல் இருக்காது, படம் ஆடாது, முதல் காட்சியும் நூறாவது காட்சியும் ஒரே மாதிரி இருக்கும்.

ஃபிலிம் என்றாலே மேல் என்று ஒரு கட்சி இருக்கிறது. நானும் பெரிதும் அந்தப் பக்கம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. 1950களில் இருந்து 1980களின் தொடக்கம் வரை அச்சான வண்ணப் பிரிண்டுகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்மன்கலர் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் சயான் என்ற நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறும், மஞ்சளும் குறையும், மெஜந்தா மட்டும் எஞ்சும். வானம், மரம், முகம் எல்லாம் ஒரே ரோஜா நிறத்தில் கிடக்கும். அப்படி ஒரு பிரிண்டில் வண்ணத்துக்குப் பேர்போன படத்தைப் பார்ப்பது அந்தப் படத்துக்குச் செய்யும் அநியாயம். டெக்னிகலர் நிறுவனத்தின் சாய மாற்று முறையில் அச்சான பிரிண்டுகள் விதிவிலக்கு, அவை எளிதில் வெளிறுவதில்லை. நிரலில் 'டெக்னிகலர் பிரிண்ட்' என்று யாராவது குறிப்பிட்டிருந்தால் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டுப் போகலாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சாயம் வெளிறும் பிரச்சினையே கிடையாது, வெள்ளித் துகள்கள்தான் படத்தைத் தாங்குகின்றன. நல்ல நிலையில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் பிரிண்டுக்கு நிகராக எந்த டிஜிட்டல் திரையிடலையும் நான் வைக்க மாட்டேன். அந்தக் கறுப்பின் ஆழமும், துகள்கள் ஓயாமல் அசைவதால் முகத்துக்கு வரும் உயிரும் வேறு ரகம்.

வண்ணப் பிரிண்டாக இருந்தால் அரங்குக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். பிரிண்ட் எங்கிருந்து வருகிறது, நிறம் எப்படி இருக்கிறது என்று. நிரலாளர்கள் இப்படிப்பட்ட கேள்வியை விரும்புவார்கள், உண்மையைச் சொல்லவும் செய்வார்கள்.

மறுபுறம், செப்பனிடல் என்பது வெறும் துடைத்துப் பளபளப்பாக்கும் வேலை அல்ல என்பதற்கு சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களே சாட்சி. 1993இல் லண்டனில் ஒரு லேபில் நேர்ந்த தீவிபத்தில் அவற்றின் மூல நெகட்டிவ்கள் கருகிப்போயின. கருகியதைத் தூக்கிப் போடாமல், ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்க அகாடமியின் காப்பகம் பாதுகாத்து வைத்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலியின் பொலோனியாவில் இருக்கும் 'லிம்மாஜினே ரித்ரோவாதா' என்ற செப்பனிடல் கூடத்தில் அந்த நெகட்டிவ்களை ஈரப்பதம் ஊட்டி இளக்கி, உடைந்த துளை ஓரங்களைக் கையால் ஒட்டி, 4கேயில், அதாவது சட்டத்தின் அகலத்துக்கு ஏறத்தாழ நாலாயிரம் புள்ளிகள் என்ற நுணுக்கத்தில், வருடினார்கள் (ஸ்கேன் செய்தார்கள்). மூன்றாவது படமான 'அபூர் சன்சா'ரின் நெகட்டிவ் பயன்படுத்தும் நிலையிலேயே இல்லை, மற்ற பிரதிகளில் இருந்து அதை எடுக்க வேண்டியிருந்தது. 2015இல் திரைக்கு வந்த இந்தப் பதிப்பில் முதலிரண்டு படங்களுக்கும், அதற்கு முன் பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருந்த தேய்ந்த பிரிண்டுகளுக்கும் ஒப்பீடே கிடையாது. 'பதேர் பாஞ்சாலி'யின் நாணல் காட்டில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாகத் தெரிகிறது.

ஆக என் கணக்கு இப்படி. படத்தை அதன் சிறந்த வடிவில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது நோக்கமானால், நல்ல செப்பனிடல் பல சமயம் வெல்லும். ஆனால் செப்பனிட்ட பதிப்பு ஓரிரு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றும், பிறகு வட்டிலும் வரும். இந்த மாதம் தவறினால் குடி முழுகாது. காப்பகப் பிரிண்ட் ஒரே ஒரு இரவு ஓடிவிட்டுத் திரும்பப் போய்விடும். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தால் பிரிண்டுக்குப் போங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: '4கே செப்பனிடல்' என்று போட்டிருப்பது படம் வருடப்பட்ட விதத்தைச் சொல்கிறது. அரங்கின் புரொஜெக்டர் அதில் பாதி அகலமுள்ள 2கேயாக இருந்தால் திரையில் விழுவது 2கேதான். அதனால் பெரிய நஷ்டமில்லை, ஆனால் அந்த எண்ணுக்காக மட்டும் ஒரு மாலையைச் செலவழிக்க வேண்டாம்.

நேரடி இசையோடு மௌனப்படம்

இது நிரலில் இருந்தால் ஆறில் ஒன்று இதற்குத்தான், விவாதமே இல்லை. இரண்டு கேள்விகளுக்கும் முழுசாக இல்லை என்று பதில் வரும் ஒரே வகை இது. அன்றிரவு அந்த இசைக்கலைஞர் வாசிப்பது மறுநாள் அவருக்கே அப்படியே வராது.

மௌனப்படங்கள் எவ்வளவு அரிது என்பதும் இதில் சேர்கிறது. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப்படங்களில் 14 விழுக்காடுதான் வெளியானபோது இருந்த வடிவில் முழுமையாக மிஞ்சியிருக்கிறது. மிஞ்சியதும் விசித்திரமான வழிகளில் மிஞ்சியது. டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரையர் 1928இல் எடுத்த 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தின் மூல நெகட்டிவ் தீயில் போனது. எஞ்சிய துண்டுகளை வைத்து வெட்டிச் சேர்த்த பதிப்புகளைத்தான் உலகம் பல பத்தாண்டுகள் பார்த்தது. 1981இல் நார்வேயில் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு மனநல மருத்துவமனையில் அதன் முதல் பதிப்பின் பிரதி ஒன்று அகப்பட்டது. இன்று நாம் பார்ப்பது அதைத்தான்.

இதிலும் தேர்வு இருக்கிறது. தனி பியானோக்காரர் திரையைப் பார்த்தபடியே கற்பனையில் வாசிப்பது ஒரு வகை. எழுதிவைத்த இசையைக் குழுவாக வாசிப்பது இன்னொரு வகை. மின்னணுக் கருவிகளோடு ஒரு பாண்ட் வந்து புதிதாக இசையமைத்து வாசிப்பது மூன்றாவது. முதல்முறை போகிறவர்களுக்குத் தனி பியானோவைத்தான் சொல்வேன். நல்ல வாசிப்பாளரின் முகம் கட்டைகளைப் பார்க்காது, திரையைத்தான் பார்க்கும். ஒரு கதாபாத்திரம் கதவுப் பிடியில் கை வைத்துத் தயங்கினால் அவருடைய கையும் தயங்கும். அரங்கில் சிரிப்பு நீண்டால் அடுத்த வரியைக் கொஞ்சம் தள்ளி எடுப்பார். எழுதிய இசைக்கு இந்தச் சுதந்திரம் இல்லை, படம் ஓடும் வேகத்தோடு ஒட்டிப் போயாக வேண்டும். மௌனப்படங்கள் கையால் சுழற்றும் கேமராவில் எடுக்கப்பட்டவை, வினாடிக்கு 16இல் இருந்து 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) வரை எதுவும் இருக்கலாம். அதனால் எந்த வேகத்தில் ஓட்டுவது என்பதே ஒரு முடிவு. பாண்ட் வகையில் அற்புதங்கள் நடப்பதுண்டு. ஆனால் விளம்பரத் தட்டியில் பாண்டின் பெயர் படத்தின் பெயரைவிடப் பெரிதாக இருந்தால் யோசியுங்கள். படம் பின்னணித் திரைச்சீலை ஆகிவிடும் ஆபத்து அங்கே அதிகம்.

நெடும்படமா, மூன்று சாதாரணப் படங்களா

ஹங்கேரிய இயக்குநர் பேலா தாரின் 'சாதான்தாங்கோ' ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும், இடையில் இரண்டு இடைவேளைகள் விடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். அதே நேரத்தில் மூன்று படங்கள் பார்க்கலாமே என்று தோன்றுவது நியாயம். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் நெடும்படம் தோற்கும். என் இரண்டாவது கேள்வியை வைத்துப் பார்த்தால் அதுதான் ஜெயிக்கும். வீட்டில் எவராலும் அதை உள்ளபடி பார்க்க முடியாது.

அவ்வளவு நீளம் வேண்டாம் என்றால் பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் அக்கர்மானின் 'ஜான் தீல்மன்' வகைப் படங்களைப் பாருங்கள். 1975இல் வந்தது, 201 நிமிடம். 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது, ஒரு பெண் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. ஒரு பெண்ணின் மூன்று நாட்கள்: சமைப்பது, பாத்திரம் கழுவுவது, உருளைக்கிழங்கு தோல் சீவுவது, மகனுக்குச் சாப்பாடு போடுவது. முதல் நாள் எல்லாம் கச்சிதம். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அதிகம் வெந்துபோகிறது. அவள் அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். அரங்கில் இரண்டு மணி நேரமாக அவளுடைய ஒழுங்கைக் கண்ணால் கற்றுக்கொண்டவர்களுக்கு அந்தக் கணம் திகிலூட்டும். வீட்டில் கைபேசியை எடுத்துப் பார்த்த ஒரு நிமிடத்தில் அது போய்விடும், போனதும் தெரியாது. பகல் காட்சியாக இருந்தால் தயங்காமல் எடுங்கள். வேலை முடிந்து களைத்துப்போய் இரவு எட்டரைக்கு உட்காருவதாக இருந்தால் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருப்பது மேல்.

பேச்சு நிகழ்ச்சிகள்

திரையிடலுக்குப் பின் இயக்குநருடன் கேள்வி பதில் என்றால் டிக்கெட் முதலில் தீர்ந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் அந்த மதிப்பு உண்டா என்றால் இல்லை. புனைவுப் படத்தின் இயக்குநர் பல ஊர்களில் சொன்ன அதே பதில்களைத்தான் இங்கும் சொல்வார், விளம்பரப் பயணத்தின் களைப்பும் சேர்ந்திருக்கும். ஆவணப்பட இயக்குநர் வந்தால் போகலாம். படத்தில் வந்த மனிதர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள், அவர்கள் படத்தைப் பார்த்தார்களா, எதைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள் என்பதெல்லாம் அங்கே மட்டும் வெளிவரும். படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர், ஒளிப்பதிவாளர் வந்தால் கட்டாயம் போங்கள். அவர்களைப் பொதுவாக யாரும் கேட்பதில்லை, கேட்டால் தொழிலைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு காட்சியில் எந்த ஒலியை எடுத்துவிட்டோம் என்று ஒலிப்பதிவாளர் சொல்லும் ஒரு வாக்கியம் நம் காதை மாற்றிவிடும்.

படத்துக்கு முன் நிரலாளரோ ஆய்வாளரோ பத்து நிமிடம் பேசும் அறிமுக உரைக்குப் பெரிய விளம்பரம் இருக்காது. பழைய படங்களுக்கு எனக்கு இதுதான் பிடித்தம். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு படத்துக்குள் போவதும், முடிந்தபின் விளக்கம் கேட்பதும் ஒன்றல்ல.

புதிய படங்களும் மற்றவையும்

புதிய வெளியீடுகளை ஒப்பிட அதிகம் இல்லை, அவசரம் மட்டும்தான் உண்டு. முதல் சில நாட்களின் வசூலைப் பார்த்துத்தான் அடுத்த வாரம் ஓட்டுவதா, நேரத்தைக் குறைப்பதா, எடுத்துவிடுவதா என்று முடிவாகிறது. பெரிய விநியோகஸ்தர் இல்லாத சின்னப் படம் ஒன்றின் மேல் உங்களுக்கு அக்கறை இருந்தால் முதல் வார இறுதிக்குள் போய்விடுங்கள். நீங்கள் உட்காரும் இருக்கை அந்தப் படத்துக்கு இன்னொரு வாரம் வாங்கித் தரக்கூடும்.

குறும்படத் தொகுப்பை யாரும் முதல் தேர்வாக வைப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் ஆறேழு படங்கள், விழாக்களுக்கு வெளியே பெரிய திரையில் மறுபடி பார்க்கக் கிடைப்பது அபூர்வம். ஒன்று பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எதற்குப் பின் எதை வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் அந்த அரங்கின் நிரலாளருக்கு ரசனை எப்படி என்று ஒரே மாலையில் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு அவர் சொல்லும் தெரியாத படங்களை நம்பிப் போகலாமா கூடாதா என்று உங்களுக்குத் தெரியும். நள்ளிரவுக் காட்சிகள் 1970இல் நியூயார்க்கின் எல்ஜின் அரங்கில் 'எல் டோப்போ' ஓடியதில் இருந்து ஒரு தனி மரபாகவே வளர்ந்தவை. நண்பர்கள் சேர்ந்தால் போங்கள், தனியாக என்றால் இந்த மாதம் தவறவிடலாம்.

உறுப்பினர் அட்டை எடுப்பதா, தனித்தனி டிக்கெட்டா என்பதைச் சென்ற மூன்று மாதங்களில் உண்மையில் எத்தனை முறை போனீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள், எத்தனை முறை போக ஆசைப்பட்டீர்கள் என்பதை வைத்தல்ல. போகிற தடவைகள் குறைவாக இருந்தும் அரங்கு பிழைக்க வேண்டும் என்று நினைத்தால், அட்டை எடுப்பதற்கு அதுவே போதுமான காரணம். ஒற்றைத் திரையை வைத்துக்கொண்டு காப்பகப் பிரிண்டுகளை வரவழைக்கும் அரங்குகளுக்கு ஆண்டு தொடக்கத்தில் கையில் வரும் உறுப்பினர் பணம் பெரிய பலம்.

என் ஆறு

படவரிசைக்கு மூன்று மாலைகள். அந்த மூன்றில் ஒன்றாவது பிரிண்டாக இருக்குமாறு பார்த்துக்கொள்வேன். மௌனப்படத்துக்கு ஒன்று. ஐந்தாவது, சின்னப் புதிய படம் ஒன்றுக்கு, அதுவும் அது வெளியாகும் முதல் வார இறுதியிலேயே. ஆறாவது மாலையை மாதம் தொடங்கும்போது முடிவு செய்ய மாட்டேன். படவரிசையில் முதல் படம் உள்ளே இறங்கிவிட்டால் அதிலேயே நான்காவது ஒன்று, இறங்கவில்லை என்றால் குறும்படத் தொகுப்பு. பகல் காட்சியாக ஒரு நெடும்படம் இருந்தால், படவரிசையில் ஒன்றைக் குறைத்து அதற்கு இடம் விடுவேன். செப்பனிட்ட பெரிய பேர்ப் படம் இந்தப் பட்டியலில் இல்லை, அது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அது அடுத்த பருவத்திலும் வரும்.

ஒரே மாலையில் இரண்டு மோதினால் எத்தனை காட்சிகள் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். படவரிசைப் படங்களுக்கும் செப்பனிட்ட படங்களுக்கும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்கள் கொடுத்திருப்பார்கள். '16 மி.மீ., ஒரே காட்சி' என்று போட்ட படம் அதே நேரத்தில் இருந்தால், அதன் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்காவிட்டாலும் அந்த டிக்கெட்டை எடுங்கள். மற்றதை வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.